பச்சை எரிந்தால் திற!

செல்போன் அலறியது.

ஜெயபாரதி ஒரு பிரிண்டரின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள். பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அளவில் ஒரு கடை. வாசலில் 'ஜெயா சிஸ்டம்ஸ்' என்று போர்டு. முதலாளி, மெக்கானிக், டீ வாங்கப் போகும் ஆள்... மூன்றுமே முப்பத்து நான்கு வயது ஜெயபாரதிதான்.

மை படிந்த விரலால் பச்சைப் பொத்தானை இழுத்தாள்.

"ஜெயபாரதிங்களா?"

"ஆமாங்க."

"இன்ஸ்பெக்டர் கந்தவேல் பேசறனுங்க. அருள்புரம் சாயப்பட்டறைல, மெஷின் மூடிப் பூட்டுக்கு கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் எழுதிக் குடுத்தது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க சார். ரெண்டு வருசம் ஆச்சு. ஏனுங்க, ரிப்பேருங்களா?"

"ரிப்பேர் இல்லீங்க."

அவர் குரல் இறங்கியது.

"பொணம்."

பிரிண்டரின் வயிற்றுக்குள் ஏதோ உடைந்தது. ஜெயபாரதி அதைக் கவனிக்கவில்லை!

*

பட்டறைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றேகால்.

ஆறாம் நம்பர் மெஷினைச் சுற்றித் தரையெல்லாம் கருநீலம். பாலியஸ்டர் துணி, குடலை உருவிப் போட்டதைப் போல மூடியின் வழியே வெளியே தொங்கியது. உடலை ஏற்கெனவே ஆம்புலன்ஸ் கொண்டு போயிருந்தது. ஒரு செருப்பு மட்டும் மேடையில் தனியாகக் கிடந்தது.

மற்ற ஐந்து மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. சாயம் ஏறும் துணியைப் பாதியில் நிறுத்தினால் திட்டுத் திட்டாகிவிடுமாம்!

கந்தவேல் மெஷினைச் சுற்றி வந்தார். ஐம்பது வயது. நரைத்த மீசை. தூக்குத் தண்டனைக் கைதியிடம்கூட 'வாங்க, போங்க' என்று பேசும் கொங்கு மனுஷர்.

"செத்தவரு பேரு ஷாபாஸ். சாயம் ஏத்தற டையிங் மாஸ்டர். இந்தப் பட்டறைல பதினாறு வருசம். பத்து மணி பத்து நிமிசத்துக்கு மூடியத் தொறந்திருக்காரு. உள்ள நூத்தி முப்பது டிகிரி. பிரஷர்ல பீச்சியடிச்சு..."

"வேண்டாங்க சார்..."

"அத்தன சூட்டுல பூட்டு எப்படிங்க விட்டுச்சு?"

"விடாதுங்க சார்! உள்ள எவ்வளவு சூடுன்னு சென்சார் ஒரு நம்பர் சொல்லும். அந்த நம்பர் எண்பதைவிடக் குறைஞ்சாத்தான் ஸ்கிரிப்ட் பச்சை லைட்டைப் போடும், பூட்டை விடும். இல்லீன்னா சிவப்புதான். மனுசன் தலைகீழா நின்னாலும் தொறக்க முடியாது."

"மேனேஜர் வேற மாதிரி சொல்றாரு. மாஸ்டர் அவசரத்துல கம்பி விட்டு நெம்பிட்டாராம். தப்பு மாஸ்டர் மேலயாம்."

"பொய்ங்க!"

குரல் கேட் பக்கமிருந்து வந்தது.

நூர்ஜான். ஷாபாஸின் மனைவி. ஓவர்லாக் தையல் மெஷினிலிருந்து அப்படியே எழுந்து ஓடி வந்திருக்கிறாள். தலைத்துணியில் பனியன் தூசி. அழுகை இன்னும் வந்து சேரவில்லை. கண்கள் மட்டும் ஆறாம் நம்பர் மெஷினைவிட்டு அகலவில்லை.

"பச்சை எரிஞ்சாத்தான் தொடுவாரு. புதுசா வர்ற பசங்களுக்கெல்லாம் அதத்தான் மொதல்ல சொல்லிக் குடுப்பாரு. அவரா நெம்புவாரு?"

அவள் பார்வை ஜெயபாரதியின் மேல் வந்து விழுந்தது.

"அந்த லைட்ட வெச்சது நீங்கதானுங்களாக்கா?"

"ஆமாம்மா..."

"அப்ப நீங்களே சொல்லுங்க. அவரு மேல தப்புன்னா, தப்புன்னு என் மொகத்தப் பாத்துச் சொல்லிப்போட்டுப் போங்க."

ஜெயபாரதி ஆறாம் நம்பர் மெஷினை ஏறிட்டுப் பார்த்தாள்.

"பாத்துட்டுச் சொல்றம்மா," என்றாள். "கண்டிப்பா சொல்றேன்."

*

கன்ட்ரோல் ரூம் என்பது கண்ணாடி அடைத்த ஒரு கூண்டு. உள்ளே ஒரு மேஜை, ஒரு மானிட்டர். மானிட்டரின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரில் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு!

"பூட்டு வாங்கி, சாவியை அதுலயே தொங்க விட்ட மாதிரி இருக்குங்களே..." என்றார் கந்தவேல்.

ஜெயபாரதி கீபோர்டை இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி ஸ்கிரிப்ட். ஆறாம் நம்பரின் ஸ்கிரிப்ட்டைத் திறந்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசை கட்டின. அவளே எழுதியவை. முப்பத்தைந்து வரி.

இருபத்தோராவது வரியில் அவள் கண் நின்றது.



"சார்... யாரோ மாத்தியிருக்காங்க!"

"என்னத்த?"

"எண்பதுன்னு எழுதியிருந்தேன். இப்ப நூத்தி நாப்பதுன்னு இருக்கு!"

கந்தவேல் நாற்காலியை இழுத்துப் போட்டார். "புரியற மாதிரி சொல்லுங்க."

"எண்பதைவிடக் குறைஞ்சா பூட்டை விடுன்னு நான் சொல்லி வெச்சிருந்தேன். யாரோ வந்து, நூத்தி நாப்பதைவிடக் குறைஞ்சா விடுன்னு மாத்தியிருக்காங்க. பாலியஸ்டர் ஓடறது நூத்தி முப்பதுல. நூத்தி முப்பது நூத்தி நாப்பதைவிடக் குறைச்சல்தானுங்களே? பச்சை எரிஞ்சிருக்கும். மாஸ்டர் அதை நம்பித் தொறந்திருக்காரு."

"தெர்மாமீட்டர் கெடிகாரம் ஒண்ணு இருக்குதே, அதப் பாக்க மாட்டாரா?"

"ஒரு வருசமா முள்ளு அசையறதில்லைன்னு பசங்க சொன்னாங்க சார். பச்சை லைட்டுதான் எல்லாமே."

"எப்ப மாத்தினது?"

அவள் விரல்கள் பாய்ந்தன.

"இன்னிக்குக் காலைல. ஒம்போது மணி அஞ்சு நிமிசம்."

"எங்கிருந்து?"

"இங்க உக்காந்து இல்லீங்க சார். நெட்வொர்க்குல வந்திருக்காங்க. மேனேஜர் கேபின் கம்ப்யூட்டர்!"

கந்தவேலின் மீசை ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தது.

*

மேனேஜர் ராஜவேல் வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டுச் சாயம்கூட இல்லாமல் கூண்டுக்குள் வந்தான். நெற்றியில் திருநீறு. நாற்பது வயது. குரலில் தேன்!

"மாஸ்டர் எனக்குக் கூடப் பொறந்த பொறப்பு மாதிரிங்க சார். காலைல இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலீங்க..."

"பத்து மணி எட்டு நிமிசத்துக்கு அவருக்குப் போன் பண்ணியிருக்கீங்க. என்ன பேசினீங்க?"

"சாம்பிள் கேட்டனுங்க. துணி வாங்கற பையர் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்திருந்தாங்க. 'மெஷின் ஆறியிருந்தா ஒரு துண்டு வெட்டிட்டு வாங்க மாஸ்டர்'ன்னு சொன்னேன். ஆறலீன்னா விட்டுர வேண்டியதுதானுங்களே?"

"உங்க கேபின்ல இருந்து ஸ்கிரிப்ட்டை மாத்தியிருக்காங்க."

"ஸ்கிரிப்ட்டுங்களா?" ராஜவேல் பரிதாபமாய் விழித்தான். "எனக்கு மவுஸ் புடிக்கவே கை நடுங்குமுங்க. கேபின்ல யார் வேணும்னாலும் வந்து உக்காருவாங்க. கதவைப் பூட்டற பழக்கமே கிடையாதுங்க சார்."

கந்தவேல் ஜெயபாரதியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு பெருமூச்சு இருந்தது. 'இவனை எதை வைத்துப் பிடிக்க?'

ஜெயபாரதி யோசித்தாள். திரையைப் பார்த்தாள். ராஜவேலைப் பார்த்தாள்.

பின்பு இன்ஸ்பெக்டரின் காதருகே போய் இரண்டே வரி சொன்னாள்.

"சரிங்க," என்று கந்தவேல் எழுந்தார். "ராஜவேல், நீங்க இங்கயே இருங்க. நாங்க ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றோம்."

கதவு மூடியது. இருவரும் டீக்கடைப் பக்கம் போகவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே ஒரு துணி மூட்டையின் பின்னால் நின்றார்கள்.

மானிட்டரில் ஸ்கிரிப்ட் விரிந்து கிடந்தது. அவள் அதை வேண்டுமென்றே 'விஐ' என்ற பழைய எடிட்டரில் திறந்து வைத்திருந்தாள். மவுஸுக்கு வேலை இல்லாத கிழட்டு எடிட்டர் அது. மூடுவதற்குப் பெருக்கல் குறி கிடையாது. பழக்கம் இல்லாதவன் எந்தக் கீயைத் தட்டினாலும் கண்டபடி எழுத்துகள் விழும். உள்ளே போனவன் வெளியே வர வழி தெரியாமல் அழுவான்!

மூன்றாம் நம்பர் மெஷினிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார்! மூணாம் நம்பருக்கு கெமிக்கல் அளவு சொல்லுங்க சார்! லேட்டானா லாட்டுத் துணி பூரா போயிருமுங்க!"

அளவுகள் இருப்பது அதே கம்ப்யூட்டரில். ஸ்கிரிப்ட்டை மூடினால்தான் அதைப் பார்க்க முடியும்.

ராஜவேல் கதவைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். ஒருவரும் இல்லை.

உட்கார்ந்தான்.

எஸ்கேப் கீ. கோலன். கியூ. ஆச்சரியக்குறி. என்டர்!

ஒன்றரை விநாடி. ஸ்கிரிப்ட் மறைந்தது. மவுஸ் பக்கம் கையே போகவில்லை.

கதவு திறந்தது.

"அடடா!" என்றார் கந்தவேல். "எங்க ஸ்டேசன்ல ஒருத்தன் இதுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கடைசில பிளக்கைப் புடுங்கி வெளிய வந்தானுங்க. நீங்க கண்ண மூடிக்கிட்டு வந்துட்டீங்களே! எங்க படிச்சீங்க?"

ராஜவேலின் திருநீறு வியர்வையில் கரைந்தது.

"திருப்பூர்ல... ஒரு இன்ஸ்டிட்யூட்டுங்க. ஆறு மாசம்..."

"பாஸுங்களா?"

"இ... இல்லீங்க சார்."

"பரவால்லீங்க. இன்னிக்குப் பாஸாயிட்டீங்க. வாங்க, வண்டில ஏறுங்க."

*

வண்டியில் ஏறுவதற்கு முன்பே ராஜவேல் உடைந்துவிட்டான்.

காரணம் ஒரு வீடியோ. பொங்கலூர் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. அதில் தண்ணீர் வற்றிப்போன ஆழ்துளைக் கிணறு. வாரம் இரண்டு நாள் டேங்கர் லாரி வந்து சுத்திகரிக்காத சாயத் தண்ணீரை அதற்குள் ஊற்றிவிட்டுப் போகும். லாரியை அனுப்பியது ராஜவேல். அதே ஊரில்தான் நூர்ஜானின் அம்மா வீடு. குழாயைத் திறந்தால் தண்ணீர் ரோஜா நிறத்தில் வரும். ஷாபாஸ் அங்கே போய் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துவிட்டான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுவோடு கொடுப்பதாக இருந்தான். அது ராஜவேலின் காதுக்கு எட்டிவிட்டது.

"அந்தப் போன் எங்க?" என்றார் கந்தவேல்.

"மாஸ்டர் சட்டைப் பாக்கெட்லதான் இருந்துச்சுங்க," என்றான் ராஜவேல். "வெந்து போச்சு."

வேறு பிரதி? இல்லை. நூர்ஜானுக்கும் அனுப்பி வைக்கவில்லை. 'உனக்கெதுக்கு இந்த வம்பு' என்றானாம்.

நூர்ஜான் அப்போதுதான் அழுதாள். ஜெயபாரதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அவரு மேல தப்பில்லீன்னு ஊரு பூரா தெரிஞ்சு போச்சுங்க்கா. உங்களாலதான். இந்த ஒண்ணு போதுமுங்க எனக்கு."

பிரிண்டர் மை காய்ந்த கையில் சுடச்சுடக் கண்ணீர் விழுந்தது. ஜெயபாரதி முதுகை நிமிர்த்திக்கொண்டாள். பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமையின் ஆயுள் சரியாக இருபது நிமிடம்!

*

"கோர்ட்டுக்கு ஒரு வீடியோ வேணுமுங்க," என்றார் கந்தவேல். "நீங்க சொன்னதை அப்படியே செஞ்சு காட்டுங்க."

ஏட்டம்மா ராமுத்தாய் செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். ஜெயபாரதி சென்சாருக்குப் பதிலாகத் தானே எண்களைத் தட்டிக் காட்டினாள்.

130.

பச்சை எரிந்தது. பூட்டு 'டக்' என்று விட்டது.

"பாத்தீங்களா சார்? நூத்தி நாப்பதைவிடக் குறைச்சல். அதனால தொறந்துருச்சு."

"இன்னொரு நம்பர் போடுங்க. வக்கீலுங்க நோண்டிக் கேப்பாங்க."

"சரிங்க." 95 என்று தட்டினாள்.

சிவப்பு!

ராமுத்தாய் போனுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, தொண்ணூத்தஞ்சும் நூத்தி நாப்பதைவிடக் குறைச்சல்தானுங்களே? இதுவும் பச்சைல்ல எரியோணும்?"



ஜெயபாரதி மறுபடி தட்டினாள். 95. சிவப்பு. 60. சிவப்பு. 130. பச்சை.



"என்னங்க ஆச்சு?" என்றார் கந்தவேல்.

"லூஸ் கனெக்சனா இருக்குமுங்க சார்... கடைக்குப் போயி பாத்துட்டுச் சொல்றனுங்க."

காலையிலிருந்து அவள் சொன்ன முதல் பொய் அது.

*

கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள். டிராயரின் அடியிலிருந்து பழைய பென் டிரைவை எடுத்தாள். எந்த வேலை முடித்தாலும் ஒரு பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்பு பட்டறைக்குக் கொடுத்த அதே ஸ்கிரிப்ட். ராஜவேலின் கை படாதது.

இருபத்தோராவது வரி.

எண்பது என்றுதான் இருந்தது. ஆனால் அவள் இப்போது எண்ணைப் பார்க்கவில்லை. எண்ணுக்கு முன்னால் இருந்த சின்னக் குறியைப் பார்த்தாள்.

<

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த 'சிறியது' குறி. கணக்கு நோட்டில் அது சரி. ஷெல் என்ற கம்ப்யூட்டர் மொழியில், அவள் எழுதிய அந்த இடத்தில், அது எண்களை ஒப்பிடாது. எழுத்துகளை ஒப்பிடும்! அகராதியில் சொற்களை அடுக்குவது போல. 'கடலைமிட்டாய்' எத்தனை நீளமாக இருந்தாலும் 'பூ'வுக்கு முன்னால்தான் வரும். அங்கே முதல் எழுத்துதான் கணக்கு.

நூற்று முப்பதின் முதல் எழுத்து ஒன்று. எண்பதின் முதல் எழுத்து எட்டு.

எட்டுக்கு முன்னால் ஒன்று. ஆகவே... எண்பதைவிட நூற்று முப்பது சின்னது!

எண்ணை எண்ணாகப் பார்க்கச் சொல்ல வேறு குறி இருக்கிறது. '-lt' என்று எழுத வேண்டும். முதல் பாடத்திலேயே வருவது. அவளுக்கும் தெரியும். அன்றைக்கு அவசரம். பரிசோதித்தபோது 95 போட்டாள், சிவப்பு. 85 போட்டாள், சிவப்பு. 79 போட்டாள், பச்சை. எல்லாம் இரண்டு இலக்கம். இரண்டு இலக்கத்துக்குள் அகராதியும் கணக்கும் ஒன்றாகத்தான் போகும். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும் தண்ணீர் தொண்ணூற்றெட்டைத் தாண்டுவதே இல்லை. இரண்டு வருடம் ஒரு பிசகும் இல்லை.

இன்றைக்குத்தான் அந்தப் பட்டறையில் முதல் பாலியஸ்டர் லாட்!

லேப்டாப்பில் தட்டினாள். 130.

'திற' என்றது திரை.

ராஜவேல் ஸ்கிரிப்ட்டைத் தொடாமலே இருந்திருந்தாலும் பச்சை எரிந்திருக்கும். கேபினில் உட்கார்ந்து அவன் செய்த கொலையை, அவள் இரண்டு வருடம் முன்பே இந்த நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே செய்து முடித்திருக்கிறாள்!

லேப்டாப்பை மூடினாள்.

நெடுநேரம் கழித்துப் பென் டிரைவைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் அகலம். ஒரு சுத்தியல் அடி போதும். ராஜவேல் கொலைகாரன்தான். கொல்லத்தான் எண்ணை மாற்றினான். ஜெயிலுக்குப் போகட்டுமே? நூர்ஜான் நன்றி சொன்னாளே?

சுத்தியல் மேஜை மேலேயே இருந்தது.

எடுத்தாள்.

ஓங்கினாள்.

அப்போதுதான் சுவரில் ஒட்டியிருந்த பட்டியல் கண்ணில் பட்டது. அந்த ஸ்கிரிப்ட்டை அவள் விற்ற இடங்கள். மொத்தம் ஒன்பது பட்டறைகள்!

*

ஒவ்வொரு பட்டறைக்காகப் போன் போட்டாள்.

"ஏனுங்க, ஜெயா சிஸ்டம்ஸ் பேசறேன். பாலியஸ்டர் எதாச்சும் ஓடுதுங்களா? இல்லீங்களா? நான் வர்ற வரைக்கும் ஓட்டவே ஓட்டாதீங்க!"

அருள்புரம் போக, ஏழு பட்டறைகளில் பருத்தி மட்டும்தான். ஒன்பதாவது, மங்கலம் ரோட்டில் இருப்பது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது.

சூப்பர்வைசரின் சொந்த நம்பருக்கு அடித்தாள்.

"நான் கோயமுத்தூர்ல இருக்கனுங்க. பாலியஸ்டருங்களா? ஆமாங்க, மத்தியானம் ஒரு லாட் ஏத்தச் சொல்லியிருந்தேன். ஜாவித் பாத்துக்குவான். இன்னிக்கு அவன் போன எடுக்க மாட்டேங்கறான். ஏனுங்க?"

அந்த 'ஏனுங்க'வுக்குப் பதில் சொல்ல நேரம் இல்லை. ஸ்கூட்டி ஏற்கெனவே ரோட்டில் இருந்தது!

லாரி. பனியன் மூட்டை ஏற்றிய ஆட்டோ. ரயில்வே கேட் மாதிரி குறுக்கே நின்ற ஒரு கம்பெனி பஸ். அதன் டிரைவர் திட்டியது காதில் பாதிதான் விழுந்தது.

பட்டறைக்குள் ஓடினாள். நீராவி. பாய்லர் இரைச்சல். கடைசி மெஷினின் மேடை மேல் ஓர் ஆள் ஏறிக்கொண்டிருந்தான். கையில் சாம்பிள் வெட்டும் கத்தரி. மேலே பச்சை விளக்கு அமைதியாக எரிந்தது. கீழே, அவன் பார்க்காத சூட்டுக் கெடிகாரத்தில் முள் நூற்றுப் பதினெட்டில் நின்றது.

"ஜாவித்! தொறக்காதீங்க!"

இரைச்சல் அவள் குரலை விழுங்கியது.

ஜாவித் மூடியின் சக்கரத்தைப் பிடித்தான். கால் சுற்று சுற்றினான்.

ஜெயபாரதி தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி எறிந்தாள். அது அவன் முதுகில் 'தொம்'மென்று மோதியது.

"யாருங்க அது, பைத்தியமா?" அவன் திரும்பினான். கை சக்கரத்திலிருந்து வந்துவிட்டது.

"உள்ள நூத்திப் பதினெட்டு டிகிரி! கீழ எறங்குங்க!"

"பச்சை எரியுதுல்லீங்க?"

"பச்சை பொய்ங்க! நான் எழுதின பொய்!"

ஜாவித் புறங்கையை மெஷினின் வயிற்றில் ஒரு கணம் வைத்துப் பார்த்தான். சுரீரென்று இழுத்துக்கொண்டான். மெதுவாக இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தான். உதடுகள் அசைந்தன. ஏதோ ஓதுகிறான் என்று தெரிந்தது. இருபத்தாறு வயது இருக்கும்.

"காலைல அருள்புரத்துல செத்தது... எங்க மாமுங்க," என்றான். "அடக்கத்துக்குப் போகணும்னு லாட்டை சீக்கிரம் முடிக்கப் பாத்தேன்."

ஜெயபாரதி அவன் அருகிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

*

பென் டிரைவை ஸ்டேஷன் மேஜை மேல் வைத்து, எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கந்தவேல் பென் டிரைவை எடுத்து உள்ளங்கையில் புரட்டினார்.

"இத நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க."

"தெரியுமுங்க சார்."

"ராஜவேலோட வக்கீல் கைல இது கெடச்சா என்ன சொல்லுவான் தெரியுங்களா? 'என் கட்சிக்காரர் எண்ணை மாத்தினதால யாரும் சாகலை. மாத்தாம இருந்தாலும் அந்த ஆளு செத்திருப்பான்' அப்படீம்பான். வீடியோவும் இல்லை. போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டது கோர்ட்டுல செல்லாது. எனக்குக் கேஸே நிக்காதுங்க."

"மத்தவங்களுக்கெல்லாம் சொல்லித்தானுங்க சார் ஆகணும். ஒம்போது பட்டறை. சொன்னா இது வெளிய வந்துதான் தீரும்."

"உங்களையும் சேத்தோணும். ரெண்டாவது குற்றவாளி. கவனக்குறைவு."

"சேருங்க சார்."

கந்தவேல் பேனாவை எடுத்தார். திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"உக்காருங்க," என்றார். "பேரு, ஊரு, அப்பா பேரு சொல்லுங்க."

*

மூன்றாவது வாரம். கோர்ட் வராந்தா.

ராஜவேலுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. வக்கீல் அதிகம் மெனக்கெடவில்லை. ஜெயபாரதியின் வாக்குமூலத்தை எடுத்து நிறுத்தி நிதானமாகப் படித்தார். அவ்வளவுதான்.

ஜெயபாரதிக்கும் ஜாமீன். கடை மூடியாகிவிட்டது. ஸ்கிரிப்ட் விஷயம் தெரிந்த பிறகு ஒரு பிரிண்டரைக்கூட யாரும் அவளிடம் கொண்டு வரவில்லை.

தூணோரம் நூர்ஜான் நின்றிருந்தாள். ஜெயபாரதி பக்கத்தில் போனாள்.

"நூர்ஜான்..."

"நீங்க பேசாம இருந்திருக்கலாமுங்க," என்றாள் நூர்ஜான். திரும்பாமலே சொன்னாள். அக்கா என்ற சொல் போயிருந்தது.

"இருந்திருந்தா ஜாவித்..."

"ஜாவித் பொழைச்சான். சந்தோசந்தானுங்க. எங்க அண்ணன் மகனுங்க அவன். ஆனா எங்க ஊட்டுக்காரரு மேல தப்பில்லீன்னு சொன்னீங்க. வீடியோ வெந்து போனதால லாரிக்காரன் மேலயும் தப்பில்லீன்னு ஆச்சு. மேனேஜர் மேலயும் இல்லீங்கறாங்க. நேத்து அம்மா போன் பண்ணுச்சு. கொழாய்ல இன்னும் ரோஸ் தண்ணிதான் வருதாம். அப்ப யாரு மேலதானுங்க தப்பு?"

"என் மேல," என்றாள் ஜெயபாரதி.

"உங்களத் தூக்குல போட்டா மட்டும் அந்தத் தண்ணி வெள்ளையாயிருமுங்களா?"

நூர்ஜான் படியிறங்கிப் போனாள்.

ஜெயபாரதி அசையாமல் நின்றாள். பின்னால் செருப்புச் சத்தம். வெள்ளைச் சட்டை. நெற்றியில் புதுத் திருநீறு.

ராஜவேல்!

கை கூப்பினான். குரலில் அதே தேன்.

"ரொம்ப நன்றிங்க மேடம். உங்க புண்ணியத்துல வெளிய வந்துட்டேன். ஒரே ஒரு வருத்தந்தானுங்க..."

குனிந்து, ரகசியம் போலச் சொன்னான்.

"வேலைய நீங்க ரெண்டு வருசம் முந்தியே முடிச்சு வெச்சிருக்கீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா... அன்னிக்கு நான் லீவு போட்டுட்டு ஊட்டுல தூங்கியிருப்பனுங்களே!"